ருவன்வெல்ல வழக்கு: ஒரு தீர்ப்பின் விமர்சனம்

இலக்கிய ஏட்டில் நீதிமன்றத் தீர்ப்பொன்றை விமர்சனத்துக்கு எடுத்துக்கொள்வது வாசகர்களுக்கு விசித்திரமாகத் தோன்றலாம். கதையையும் கவிதையையும் அளக்கும் கோலால் சட்டத்தை அளக்கலாமா என்று கேட்கவும் கேட்பார்கள். தீர்ப்பும் மனிதர் எழுதியதுதான். அதிலும் ஒரு கதை சொல்லப்படுகிறது, மாந்தர் வருகிறார்கள், சில உண்மைகள் முன்னே நிறுத்தப்படுகின்றன, சில வாசலுக்கு வெளியே காக்கவைக்கப்படுகின்றன. மோசமான நாவலைப் படித்தவனுக்கு இரண்டு மாலைப்பொழுது நஷ்டம். 1953-ஆம் ஆண்டு லண்டனில் பிரிவிக் கவுன்சில் நீதிபதிகள் எழுதிய சில பக்கங்களால் நஷ்டமடைந்தவர்களோ இலங்கைத் தோட்டங்களில் வாழ்ந்த லட்சக்கணக்கான தமிழ்த் தொழிலாளர். அந்த வழக்கு பிறந்த இடம் சப்பிரகமுவ மாகாணத்தில், கேகாலை மாவட்டத்து ருவன்வெல்லத் தேர்தல் தொகுதி.

புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’ தொடங்கித் தோட்டத் தொழிலாளியைப் பற்றி நம்மவர் எழுதியவற்றில் நோயும் பசியும் கங்காணியின் கொடுமையும் நிறைய உண்டு. வாக்காளர் இடாப்பு அவற்றில் அநேகமாக வருவதில்லை. அந்த இடாப்பைப் பற்றியது இக்கட்டுரை.

சப்பிரகமுவத் தோட்டங்களை, நுவரெலியாவை மனத்தில் வைத்துக்கொண்டு கற்பனை செய்யக்கூடாது. மலையகம் என்றவுடன் கண்ணுக்கெட்டிய தூரம் வரை தேயிலை என்று நினைப்பது நமக்குப் பழக்கமாகிவிட்டது. கேகாலையிலும் இரத்தினபுரியிலும் ரப்பரும் தேயிலையும், சிங்களக் கிராமத்தின் வயலும் பலா மரமும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு கிடக்கின்றன. எட்டியாந்தோட்டை, தெரணியகலை, தெஹியோவிற்ற, இறக்குவானை, பலாங்கொடை என்று எந்தப் பக்கம் போனாலும், லயத்துக்கும் கிராமத்துக்கும் நடுவே ஓர் ஓடையோ ஒற்றையடிப் பாதையோதான் இருக்கும். விடியுமுன் எழுந்து பால் வெட்டப் போகும் தமிழனும், காணியில்லாத சிங்கள விவசாயியும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கிறார்கள். காணியோ இருவருக்கும் இல்லை. அது கம்பெனியின் கையில் இருந்தது. காணிப் பசி கொண்ட கிராமவாசிக்கு, கொழும்பிலும் லண்டனிலும் இருந்த கம்பெனி கண்ணில் படவில்லை. பக்கத்து லயம் பட்டது. 1946-இல் கேகாலைப் பகுதியில் நேவ்ஸ்மியர் தோட்டத்தை அரசாங்கம் கிராமத்தாருக்குப் பங்கிடவென்று எடுத்துக்கொண்டு, அங்கிருந்த தொழிலாளரை வெளியேறச் சொன்னது. அவர்கள் மறுத்து நின்றார்கள். தோட்டங்களில் வேலைநிறுத்தம் மூண்டது. பின்னால் சட்டப் புத்தகத்தில் ஏறிய வாதம் முழுவதும் அந்த ஒரு தோட்டத்தில் முன்கூட்டியே அரங்கேறிவிட்டது எனலாம். இந்த மண்ணில் இவனுக்கு என்ன பாத்தியதை என்பதுதான் அந்த வாதம்.

அடுத்த ஆண்டு பொதுத்தேர்தல். ருவன்வெல்லத் தொகுதியில் சமசமாஜக் கட்சித் தலைவர் என். எம். பெரேரா வெற்றி பெற்றார். தோட்டத் தொழிலாளரின் வாக்கு அவர்களுடைய சொந்தப் பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியதோடு, வேறு பல தொகுதிகளில் இடதுசாரிகளுக்கும் கைகொடுத்தது. டி. எஸ். சேனாநாயக்காவின் அரசாங்கம் இதைக் கவனியாமல் இருக்கவில்லை.

1948-ஆம் ஆண்டு 18-ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவ்வாண்டு நவம்பர் 15-ஆம் தேதி அமுலுக்கு வந்தது. அதில் ‘தமிழன்’ என்ற சொல்லே இல்லை. இலங்கையில் பிறந்தவன் பிரஜையாக வேண்டுமானால் அவனுடைய தந்தை இலங்கையில் பிறந்திருக்கவேண்டும். அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்கவேண்டும். கேட்பதற்கு எல்லாருக்கும் பொதுவான விதி. ஆனால் இந்த நாட்டில் பிறப்புப் பதிவு கட்டாயமாக்கப்பட்டதே 19-ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில். கண்டிச் சிங்களவனிடம் அவன் பூட்டனின் பிறப்புச் சான்றிதழை எவரும் கேட்கவில்லை. அவன் முகமே சான்று. லயத்தில் பிறந்தவனிடம் கேட்டார்கள். அடுத்து 1949-ஆம் ஆண்டு 3-ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வாசிகள் சட்டம் வந்தது. ஏழாண்டு அல்லது பத்தாண்டு இடையறாத வாசத்தையும் போதிய வருமானத்தையும் நிரூபித்தால் பதிவுப் பிரஜையாகலாம் என்றது அது. மனுப் போட இரண்டாண்டுத் தவணை. அதே ஆண்டின் 48-ஆம் இலக்கச் சட்டம் பிரஜை அல்லாதவருக்கு வாக்கில்லை என்றது. மூன்று சட்டங்களையும் சேர்த்துப் படித்தால்தான் அவற்றின் கருத்து விளங்கும். தனித்தனியே படித்தால் ஒவ்வொன்றும் சாதுவானது. முதலாவதை எதிர்த்து வாக்களித்த ஜி. ஜி. பொன்னம்பலம், அமைச்சரவையில் சேர்ந்தபின் இரண்டாவதை ஆதரித்து வாக்களித்தார் என்பதையும் யாழ்ப்பாணத்து வாசகர்கள் மறந்துவிடக்கூடாது.

ருவன்வெல்லத் தொகுதி இடாப்பில் தம் பெயரைச் சேர்க்கவேண்டும் என்று கோடக்கன் பிள்ளை விண்ணப்பித்தார். பதிவு அதிகாரி மறுத்தார். விஷயம் இடாப்பைத் திருத்தும் அதிகாரியான சிவஞானசுந்தரத்திடம் போயிற்று. அவருடைய பதவி பெரிய பதவி அல்ல. எனினும் அவர், இலங்கை அரசியலமைப்பின் 29-ஆம் பிரிவு 2-ஆம் உட்பிரிவை எடுத்து வைத்துக்கொண்டு, இந்தச் சட்டங்கள் செல்லாது, பெயரைச் சேர்க்கவேண்டும் என்று தீர்மானித்தார். வேறொரு சமூகத்தவருக்கு இல்லாத தடையை ஒரு சமூகத்தவருக்கு மட்டும் விதிக்கும் சட்டத்தை இயற்றப் பாராளுமன்றத்துக்கு அதிகாரமில்லை என்பது அந்த உட்பிரிவு. அரசாங்கம் உச்ச நீதிமன்றம் சென்றது. 1951-இல் அந்த மன்றம் அதிகாரியின் தீர்மானத்தை ரத்துச் செய்தது. கோடக்கன் பிள்ளை லண்டனுக்கு அப்பீல் செய்தார். 1953-இல் பிரிவிக் கவுன்சில் அதைத் தள்ளுபடி செய்தது.

இனி அந்தத் தீர்ப்பு. அதன் வாதத்தை நியாயமாகச் சொல்லவேண்டுமானால் இப்படிச் சொல்லலாம். தன் பிரஜைகள் யார் என்று வகுப்பது எந்தச் சட்டசபைக்கும் இயல்பான வேலை. எழுத்தறிவு, சொத்து, பிறப்பு, வாசம் ஆகியவற்றை அளவுகோலாக வைப்பது தவறல்ல. அவை எழுத்தறியாதவனையும் ஏழையையும் குடிபெயர்ந்தவனையும் அதிகமாகப் பாதிக்கக்கூடும். அதனால் ஒரு சமூகத்துக்குத் தடை விதித்ததாகாது. ஏனென்றால் ஒரு சமூகத்தைச் சமூகமாகக் கட்டி வைத்திருப்பது இனமும் மதமுமே ஒழிய, வறுமையோ எழுத்தறியாமையோ ஊர் மாறும் வழக்கமோ அல்ல. இந்தியத் தமிழரின் இடம்பெயரும் பழக்கம், அவர்கள் பிரஜைகளாகத் தகுந்தவர்களா என்பதற்குப் பொருத்தமான உண்மை. அவர்கள் ஒரு சமூகம் என்பதோடு அதற்குச் சம்பந்தமில்லை.

தர்க்கம் வழவழப்பாக இருக்கிறது. முதல் வாசிப்பில் எவரும் மயங்கிப்போவார்கள். மறைமுகமாகப் பாரபட்சம் காட்டும் சட்டமும் செல்லாததாகலாம் என்று ஓரிடத்தில் ஒப்புக்கொள்ளவும் செய்கிறது. ஆகவே குருட்டுத் தீர்ப்பு என்று ஒதுக்கிவிடவும் இயலாது. நாம் கேட்கவேண்டியது ஒன்றே: ‘இடம்பெயரும் பழக்கம்’ என்று ஒரு சமூகத்தின் மேல் ஏற்றப்பட்ட அந்தப் பழக்கத்தை உண்டாக்கியவர் யார்?

மன்னார்க் காட்டு வழியாக நடத்திக் கூட்டிவந்தவன் கங்காணி. அவனுக்கு முன்பணம் கொடுத்து அனுப்பியது தோட்டத்துரை. தோட்டம் விட்டுத் தோட்டம் போகவேண்டுமானால் கடன் தீர்ந்தது என்ற ‘துண்டு’ வேண்டும். அந்தத் துண்டைக் காட்டித்தான் ஆளோடு கடனும் அடுத்த தோட்டத்துக்குக் கைமாறியது. லயத்து அறை கம்பெனிக்குச் சொந்தம். வேலை போன அன்று வீடும் போயிற்று. பேர் போட்டுக் கிடைத்த கூலியில் காணி வாங்குவதென்பது கனவிலும் இல்லை. தலைமுறை தலைமுறையாக ஒரு மனிதனை வேர்விட ஒட்டாமல் வைத்திருந்துவிட்டு, இவனுக்கு வேரில்லை என்று தீர்ப்பெழுதுகிறார்கள். வெள்ளை முதலாளியின் லாபக் கணக்கு, தமிழனின் குணமாக மாறி நீதிபதியின் மேசைக்கு வருகிறது. அப்படியிருந்தும் 1928-இலேயே டொனமூர் ஆணைக்குழு, தோட்டத்து இந்தியரில் நூற்றுக்கு 40 முதல் 50 பேர் வரை நிரந்தரமாகக் குடியேறிவிட்டவர்கள் என்று மதிப்பிட்டிருந்தது. 1939-இல் இந்திய சர்க்கார் தொழிலாளர் இலங்கைக்கு வருவதையே தடை செய்துவிட்டது. 1948-இல் தோட்டங்களில் இருந்தவர்கள் இருக்க வந்தவர்கள், அல்லது இங்கேயே பிறந்தவர்கள். ஆற்றுநீர் நின்று குளமான பிறகும் அதை ஓடும் நீர் என்றே தீர்ப்பு வருணிக்கிறது.

பதிவுச் சட்டம் என்ற கதவு திறந்திருக்கிறதே என்பதும் தீர்ப்பின் ஆறுதல்களில் ஒன்று. அந்தக் கதவின் கதையையும் சொல்லிவிடலாம். 8 லட்சத்துக்கு மேற்பட்டோர் சார்பில் மனுக்கள் போயின. பத்தாண்டுக்கும் மேலாக நீடித்த விசாரணைகளுக்குப் பின் உள்ளே விடப்பட்டவர்கள் ஏறத்தாழ 1,34,000 பேர்.

இது ஒரு நாட்டின் உள்விவகாரம், இதில் சர்வதேசச் சட்டத்துக்கு என்ன வேலை என்று சட்டம் படித்த நண்பர்கள் சொல்வார்கள். அப்படிச் சொல்வதற்கும் ஒரு சர்வதேசச் சட்டம் இருக்கிறது! 1930-ஆம் ஆண்டு ஹேக் நகரில் வகுத்த உடன்படிக்கையின் முதல் ஷரத்து, தன் பிரஜைகள் யாரென்று ஒவ்வொரு அரசும் தன் சட்டத்தாலேயே முடிவு செய்யும் என்கிறது. அந்த முடிவு சர்வதேச உடன்படிக்கைகளுக்கும் வழக்கத்துக்கும் இசைந்திருக்கும் அளவுக்கே மற்ற அரசுகள் அதை ஏற்கும் என்ற ஒரு வாலும் அதற்கு உண்டு. இந்த வால் எப்போது ஆடும், எப்போது சுருண்டு படுக்கும் என்பதை நிர்ணயிப்பது அரசியல்.

முதல் உலகப்போருக்குப் பின் போலந்து மறுபடி தோன்றியபோது, அங்கே குடியேறியிருந்த ஜெர்மானியரின் கதி என்ன என்ற கேள்வி எழுந்தது. போரில் வென்ற வல்லரசுகள் போலந்தின் கையில் ஓர் உடன்படிக்கையைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கின: உன் மண்ணில் வசிக்கும் பெற்றோருக்கு அங்கே பிறந்தவன் உன் பிரஜை என்று. போலந்து அரசு அதற்குக் குறுகிய பொருள் சொல்லிச் சிலரை விலக்கப் பார்த்தது. பிறந்த வேளையில் பெற்றோர் அங்கே வசித்தால் போதும், உடன்படிக்கை வந்த நாளிலும் வசித்திருக்கவேண்டியதில்லை என்று சர்வதேச நிரந்தர நீதிமன்றம் 1923-இல் கருத்துரைத்தது. இந்த விதியைக் கேகாலைத் தோட்டத்துக்குப் பொருத்திப் பாருங்கள். லயத்தில் பிறந்தவர் அத்தனை பேரும் பிரஜைகள்; பூட்டனின் சான்றிதழுக்கு வேலையே இல்லை. விதி இல்லாமல் இல்லை. போலந்து ஜெர்மானியனுக்காகப் பேச வல்லரசுகள் இருந்தன, ருவன்வெல்லத் தமிழனுக்காகப் பேச எவரும் இல்லை.

பிரிட்டன் இலங்கையை விட்டுப் போகும்போது உடன்படிக்கையே எழுதவில்லையா என்றால், எழுதியது. 1947 நவம்பரில் மூன்று உடன்படிக்கைகள் கையெழுத்தாயின. ஒன்று பாதுகாப்புக்கு: திருகோணமலைத் துறைமுகமும் கட்டுநாயக்க விமானத்தளமும் அதன் பயன். ஒன்று வெளிவிவகாரத்துக்கு. மற்றொன்று அரசாங்க உத்தியோகஸ்தர்களின் ஓய்வூதியத்துக்கும் உரிமைக்கும். துரைமாரின் பென்ஷனுக்குச் சர்வதேச உத்தரவாதம் கிடைத்தது. இலங்கையின் ஏற்றுமதிச் செல்வத்தை ஒரு நூற்றாண்டாக முதுகில் சுமந்தவனுக்கு 29-ஆம் பிரிவில் ஒரு வாக்கியம் கிடைத்தது. அந்த வாக்கியத்துக்கு என்ன பொருள் என்று கடைசியாகச் சொல்லும் அதிகாரமும் லண்டனுக்கே இருந்தது.

1948 டிசம்பர் 10-ஆம் தேதி ஐக்கிய நாடுகள் சபை மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்றது. எவருக்கும் ஒரு தேசிய உரிமை உண்டு, அதைத் தான்தோன்றித்தனமாகப் பறிக்கக்கூடாது என்பது 15-ஆம் ஷரத்து. யூதர்களின் பிரஜாவுரிமையைப் பறித்து அவர்களைக் கொலைக்களத்துக்கு அனுப்பிய ஹிட்லர் ஆட்சியைக் கண்டு நடுங்கிய உலகம் எழுதிய ஷரத்து அது. இலங்கையின் பிரஜாவுரிமைச் சட்டம் அமுலாகி அன்றைக்கு 25 நாள். இலங்கை அப்போது சபையில் அங்கம் வகிக்கவில்லை. பிரிட்டிஷ் தளங்களோடு கூடிய சுதந்திரம் சுதந்திரமா என்ற ஐயத்தைக் காட்டிச் சோவியத் யூனியன் அதன் மனுவைத் தடுத்து வைத்திருந்தது. 1955 டிசம்பரில்தான் அனுமதி கிடைத்தது. முற்போக்காளர் பலருக்கு அந்தத் தடை அன்று இனித்திருக்கும். வல்லரசுகளின் இழுபறியில், கேள்வி கேட்கப்படவேண்டிய ஏழாண்டு காலம் இலங்கை அந்த மன்றத்துக்கு வெளியே கழித்தது என்பதையும் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும்.

அதே 1955-இல் ஹேக் நீதிமன்றத்தில் இன்னொரு வழக்கு முடிந்தது. ஜெர்மனியில் பிறந்து, 1905 முதல் குவாத்தமாலாவில் வியாபாரம் செய்து செல்வந்தரான நொட்டேபோம் என்பவர், 1939-இல் லிக்டன்ஸ்டைன் என்ற குட்டி நாட்டின் பிரஜாவுரிமையை வாங்கிக்கொண்டார். குவாத்தமாலா அதை ஏற்கவேண்டுமா என்பது வழக்கு. வேண்டியதில்லை என்றது மன்றம். தேசிய உரிமை என்பது வாழ்க்கையாலும் நலனாலும் உணர்வாலும் ஒரு மண்ணோடு உண்மையாகப் பிணைந்திருப்பதன் சட்ட வடிவம் என்று அது விளக்கிற்று. மிக அழகான தத்துவம். உழைப்பும் பிறப்பும் பிள்ளைகளும் இறந்தோரின் குழிகளும் எந்த மண்ணில் இருக்கின்றனவோ அந்த மண்ணின் பிரஜை என்று அதைத் திருப்பிப் போட்டால், தெரணியகலையில் பால் வெட்டுகிறவனைவிடத் தகுதியானவன் யார்? அப்படித் திருப்பிப் போட எந்த அரசும் அந்த மன்றத்துக்குப் போகவில்லை. அரசுகள் மட்டுமே அங்கே வாதிகள்; நாடற்றவனுக்காக வழக்காட ஒரு நாடு வேண்டும். இந்தியா இவர்களைத் தன் பிரஜைகள் என்று ஒப்புக்கொள்ளாதவரை அதற்கு அங்கே வழக்கில்லை. ஒப்புக்கொண்டால் அப்புறம் வழக்கே இல்லை. இந்த முடிச்சைப் போலக் கச்சிதமான சோகத்தை எந்த நாடகாசிரியனும் கற்பனை செய்ததில்லை.

நேரு இந்த முடிச்சை அறிந்திருந்தார். இவர்கள் இலங்கையின் பொறுப்பு, விரும்புகிறவர் மட்டுமே இந்தியப் பிரஜையாகப் பதியலாம் என்ற நிலையிலிருந்து அவர் பெரிதும் இறங்கவில்லை. அவர் மறைந்த அதே 1964-இல், சீனப் போருக்குப் பின் அண்டை நாடுகளின் நட்பைத் தேடிக்கொண்டிருந்த இந்தியா இறங்கியது. அக்டோபர் 30-ஆம் தேதி சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்திட்டார்கள். நாடற்றவர் 9,75,000, அவர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரின் கதி பிறகு. 1974-இல் அந்த மிச்சத்தையும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். 1967-ஆம் ஆண்டின் 14-ஆம் இலக்கச் சட்டம் ஏழு பேர் அங்கே போனால் நான்கு பேருக்கு இங்கே உரிமை என்று விகிதம் கட்டியது. ரப்பர்த் தோட்டத்துக் கணக்கப்பிள்ளைகூடப் பால் வாளியை இதைவிட மரியாதையாக எண்ணுவார். சம்பந்தப்பட்டவர்களை எவரும் கேட்கவில்லை. தொண்டமானின் தொழிலாளர் காங்கிரஸ் எதிர்த்ததும் ஏறவில்லை. சர்வதேசச் சட்டத்தின் கண்ணில் இது குறையற்ற உடன்படிக்கை. இரண்டு அரசுகள் இணங்கின, அவ்வளவு போதும்.

நமக்கு உறைக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. 1948-இல் பாராளுமன்றத்தில் இடதுசாரிகள் பிரஜாவுரிமைச் சட்டத்தை உறுதியோடு எதிர்த்தார்கள், என். எம். பெரேராவும் எதிர்த்தார். 1964 ஜூனில் சமசமாஜக் கட்சி சிறிமாவோவின் அரசாங்கத்தில் சேர்ந்தது. அக்டோபரில் உடன்படிக்கை கையெழுத்தானபோது நிதி அமைச்சர் என். எம். பெரேரா, அப்போது அவர் கேகாலை மாவட்டத்தின் இன்னொரு தோட்டத் தொகுதியான எட்டியாந்தோட்டையின் பிரதிநிதி. தொழிலாளி தேசமற்றவன் என்ற கோஷத்துக்கு இப்படியும் ஒரு பொருள் கிடைத்தது! வாக்குள்ளவர்களின் வாக்கு தேவைப்பட்டபோது வாக்கில்லாதவர்கள் கைவிடப்பட்டார்கள் என்பதுதான் இதன் சுருக்கம். இடதுசாரி இயக்கத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்தப் பக்கத்தை இரண்டு வரியில் தாண்டிப்போவதை நாம் ஏற்பதற்கில்லை.

அதே 1964 மே மாதம், வேறொரு இலங்கை வழக்கில், அதே பிரிவிக் கவுன்சில் 29-ஆம் பிரிவைப் போற்றிப் பேசிற்று. இலங்கைப் பிரஜைகள் ஒருவருக்கொருவர் இடையே ஏற்றுக்கொண்ட பவித்திரமான உரிமைச் சமநிலை அது என்றது. பிரஜைகளுக்கு இடையே! தோட்டத்துத் தமிழன் அந்தச் சொல்லுக்கு வெளியே போய்ப் பதினாறு ஆண்டு ஆகியிருந்தது. 1972-ஆம் ஆண்டுக் குடியரசு அரசியலமைப்பில் அந்தப் பிரிவும் இல்லை. அதை வகுத்தவர் சமசமாஜக் கட்சியின் கொல்வின் ஆர். டி சில்வா.

லண்டன் நீதிபதிகளுக்கு ஒழுக்கநெறி என்பதே தெரியாது என்று நான் சொல்லவில்லை. 1975-இல் பிரபுக்கள் சபை, யூதர்களின் பிரஜாவுரிமையைப் பறித்த 1941-ஆம் ஆண்டு ஜெர்மன் ஆணை ஒன்றைப் பரிசீலித்தபோது, மனித உரிமையை இவ்வளவு கொடிதாக மீறும் ஒன்றைச் சட்டமென்றே இந்நாட்டு நீதிமன்றம் ஏற்கலாகாது என்ற கருத்து அங்கே உரத்துச் சொல்லப்பட்டது. இலங்கைச் சட்டம் நாஜிச் சட்டம் அல்ல. இரண்டையும் ஒன்றாக்குவது வீண் ஆவேசம். ஆனால் சட்டம் என்ற பெயரைத் தாங்கி வந்ததை எல்லாம் சட்டமென்று ஒப்பவேண்டியதில்லை என்ற அறிவு அந்த மரபிலேயே இருந்தது என்பதை இது காட்டுகிறது. தோற்றுப்போன எதிரியின் சட்டத்தைத் தூக்கியெறிவதில் சங்கடமில்லை. காமன்வெல்த்தின் நண்பன், தேயிலை அனுப்புகிறவன், துறைமுகம் கொடுத்தவன் இயற்றிய சட்டத்துக்கு முன்னே பேனா தயங்குகிறது.

உடன்படிக்கைக்குப் பிந்திய கதை நீளமானது. சப்பிரகமுவவைப் பற்றிய அளவில் மட்டும் சொல்கிறேன். சிதறிக் கிடக்கும் தோட்டங்கள், சுற்றிலும் கிராமங்கள். 1977-இலும் 1981-இலும் 1983-இலும் வன்முறை மூண்டபோது லயங்கள் எளிதில் இரையாயின. 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி, காவத்தை, இறக்குவானை வட்டாரங்கள் எரிந்தன. வாக்கில்லாதவனின் வீட்டைக் கொளுத்துகிறவனுக்கு அடுத்த தேர்தலில் பயப்பட ஒன்றுமில்லை. ஓடியவர்களில் பலர் வவுனியாப் பக்கம் போனார்கள். பலர் கடல் கடந்து தமிழ்நாட்டு அகதி முகாம்களுக்குப் போனார்கள்.

2003-ஆம் ஆண்டு 35-ஆம் இலக்கச் சட்டம், எஞ்சிய நாடற்றோருக்கு இலங்கை ஒருவாறு கதவைத் திறந்த சட்டம். தொழிற்சங்கங்களும் மலையகக் கட்சிகளும், மீண்டும் வாக்குப் பெற்ற மக்களும் கொடுத்த நெருக்குதல் அதன் பின்னால் இருந்தது. 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்தவரும் அவர் வழித்தோன்றலும் பிரஜையாகலாம் என்கிறது அது. தேதியைக் கவனியுங்கள். தங்களைக் கேளாமல் தங்களைப் பங்கிட்ட நாளே தகுதியின் தொடக்க நாளாயிற்று. நிரந்தரமாக வசிப்பது என்ற அளவுகோல் இங்கேயும் வருகிறது. நெருப்புக்குப் பயந்து ஓடியவனை அது வாசலிலேயே நிறுத்திற்று. அப்படி ஓடியவர்களுக்காகப் பிற்பாடு, 2009-இல், சட்டத்தைத் திருத்தவேண்டி வந்தது.

தமிழ்நாட்டு முகாம்களில் இருந்த மலையக வம்சத்தினர் சிலர் இந்தியப் பிரஜாவுரிமை கோரிச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனார்கள். கோட்டப்பட்டு, மண்டபம் முகாம்களைச் சேர்ந்தவர்கள். சட்டப்படி அவர்கள் கள்ளக் குடியேறிகள் என்று அரசுத் தரப்பு வாதித்தது. 2019 ஜூனில் நீதிபதி ஜி. ஆர். சுவாமிநாதன் அந்தச் சொல்லை ஏற்க மறுத்து, இந்திய வம்சாவளியினரான இவர்களின் விண்ணப்பத்தை மத்திய சர்க்கார் பரிசீலிக்கவேண்டும் என்று உத்தரவிட்டார். ருவன்வெல்லவின் திருத்த அதிகாரி காகிதத்துக்குப் பின்னால் மனிதனைப் பார்த்ததுபோலப் பார்த்த தீர்ப்பு அது. அவ்வாண்டு டிசம்பரில் இந்தியப் பாராளுமன்றம் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தி, அண்டை நாடுகளில் துன்புற்று வந்தோருக்குச் சலுகை அளித்தது. அந்தப் பட்டியலில் பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகள் இருந்தன. இலங்கை இல்லை.

நாடற்றவர் நிலைபற்றி 1954-இலும், நாடற்ற நிலையைக் குறைப்பதுபற்றி 1961-இலும் ஐக்கிய நாடுகள் சபையின் ஆதரவில் இரண்டு உடன்படிக்கைகள் உருவாயின. பத்து லட்சம் மனிதரைத் தங்களுக்குள் எண்ணிப் பிரித்துக்கொண்ட இந்த இரண்டு அரசுகளும் அவற்றில் ஒன்றில்கூடச் சேரவில்லை.